மனசில் இருப்பது முகத்தில் வர: புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாய்?" என்று யாராவது கேட்கும்போதுதான் சிலருக்குத் தங்கள் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே தெரியவரும். உள்ளே கோபமும் இருந்திருக்காது, வருத்தமும் இருந்திருக்காது. நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். வேறு சிலருக்கு நேர்மாறான சிக்கல். துக்கச் செய்தி கேட்கும்போது உதட்டோரம் ஓர் அசட்டுச் சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். திட்டு வாங்கும்போது சிரித்துத் தொலைத்து, அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவார்கள். இன்னும் சிலர் எதற்கெடுத்தாலும் ஒரே புன்னகையை மாட்டிக்கொண்டு திரிவார்கள். நெருங்கிப் பழகியவர்களுக்குக்கூட அவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று பிடிபடாது.

இவர்கள் எல்லாருக்கும் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான்: "கொஞ்சம் சிரிச்ச முகமா இரு." இதைக் கேட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரிப்புப் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய இறுக்கத்துக்கு மேல் புதிதாக ஒரு சிரிப்பு ஏறி உட்கார்ந்ததுதான் மிச்சம். என் கணிப்பில், முகத்துக்குப் பாவனை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு வேலை தெரியும். நடுவில் எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து அதை விலக்குவதுதான் பயிற்சி.

முகத்துக்கு வேலை தெரியும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளில், வெற்றி தோல்வி முடிவான கணத்தில் வீரர்களின் முகங்கள் படம் எடுக்கப்பட்டன. டேவிட் மட்சுமோட்டோ, பாப் வில்லிங்ஹாம் என்ற ஆய்வாளர்கள் அவற்றை ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத வீரர்களின் முகத்திலும், பார்வை உள்ளவர்கள் முகத்தில் அசைந்த அதே தசைகள்தான் அசைந்திருந்தன. வாழ்நாளில் ஒரு முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் அவர்கள். யாரைப் பார்த்துக் கற்றிருக்க முடியும்?

தொடங்கும் முன்

எல்லா இறுக்கமும் பழக்கத்தால் வருவதில்லை. முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று தொங்கினால், கூடவே கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகத்தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு பாதிக்கப்பட்டாலும் ஒரு பக்க முகம் செயலிழக்கும். பெல்ஸ் பால்சி என்று மருத்துவர்கள் சொல்வது இதில் ஒரு வகை. எது எது என்று நாமே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. பார்க்கின்சன் நோயில் முகத்தின் அசைவு மெல்ல மெல்லக் குறையும். மனச்சோர்விலும் முகம் மங்கிப்போகும். மனநலத்துக்கான சில மருந்துகளும் முகத்தை அசையவிடாமல் செய்யும். முன்பு நன்றாக மலர்ந்த முகம் சில மாதங்களில் மாறிவிட்டது என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னால், பயிற்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால், அதன் வீரியம் இருக்கும்வரை அந்த இடம் அசையாது. அதற்குப் பயிற்சி ஒன்றும் செய்ய முடியாது.

ஆட்டிசம் உள்ளவர்களின் முகபாவம் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடலாம். அது குறை அல்ல. மற்றவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்று நாள் முழுக்க முகத்தைச் சமாளிப்பது அவர்களை வெகுவாகக் களைப்பாக்கும். அவர்கள் இந்தக் கட்டுரையில் தங்களுக்கு உதவுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம் தெரிந்திருந்தால் பயிற்சியின் போக்கு விளங்கும். நாமாக முகத்தை அசைப்பதற்கு மூளையில் ஒரு பாதை. உணர்ச்சி வந்து முகத்தை அசைப்பதற்கு வேறொரு பாதை. பக்கவாதம் வந்தவர்களில் சிலரை "சிரியுங்கள்" என்று சொன்னால் வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போகும். அவர்களுக்கே ஒரு நகைச்சுவையைச் சொன்னால் இரண்டு பக்கமும் மலரும். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள், தானாக வரும் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். போட்டோகிராபர் "சிரிங்க" என்றதும் நம் எல்லாருக்கும் வருகிற விறைப்பான சிரிப்பு முதல் பாதையில் வந்தது. நமக்கு வேண்டியது இரண்டாவது பாதை. அதை நேராகப் பிடித்து இழுக்க முடியாது, வழிவிடத்தான் முடியும்.

முதல் படி: உங்கள் முகத்தைப் பார்ப்பது

கண்ணாடி இதற்கு உதவாது. கண்ணாடியைப் பார்த்தவுடனேயே நம்மை அறியாமல் முகத்தைச் சரிசெய்துகொள்கிறோம். நாம் பார்க்க வேண்டியது சரிசெய்வதற்கு முன்னால் இருந்த முகத்தை.

மொபைலை எதிரே ஏதாவதில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிடுங்கள். ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், பக்கத்து லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கிக் காட்டும். ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு போதும். இன்னொரு போனில் நெருங்கிய யாரையாவது அழைத்து, இப்படி ஒரு பயிற்சிக்காக என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரம் பேசுங்கள். முதல் சில நிமிடங்கள் கேமராவின் நினைப்பு இருக்கும். பேச்சு சூடுபிடித்ததும் மறந்துவிடும். அந்தக் கடைசிப் பகுதிதான் நமக்கு வேண்டும்.

பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதலில் "ஐயோ, என் முகம் இப்படியா இருக்கிறது" என்றுதான் தோன்றும். எல்லாருக்கும் தோன்றுவதுதான். வாழ்நாள் முழுக்க இடம் வலம் மாறிய கண்ணாடி முகத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். தன் படத்தில் கண்ணாடிப் பிம்பம்தான் பிடிக்கிறது என்று பெரும்பாலோரும், நேர்ப்படம்தான் பிடிக்கிறது என்று அவர்களுடைய நண்பர்களும் சொன்னதாக 1977இலேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எனவே அழகு, மூக்கு, முடி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு நாலு இடங்களை மட்டும் பாருங்கள்: புருவங்களுக்கு நடுவில் மடிப்பு இருக்கிறதா, கண்கள் சுருங்கியிருக்கின்றனவா, உதடுகள் அழுந்தியிருக்கின்றனவா, தாடை கெட்டியாக இருக்கிறதா.

இப்போது நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். பேசும்போது ஓரளவு அசைகிற முகம், கேட்கும்போது அப்படியே நின்றுபோவதைப் பலரும் இங்கேதான் முதல்முறை பார்ப்பார்கள். எதிரில் இருப்பவர் நம் முகத்தைக் கவனிப்பது அவர் பேசும்போதுதான், அதாவது நாம் கேட்கும்போதுதான். "உம்மென்று இருக்கிறாய்" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்து சத்தத்தோடு ஒருமுறை பாருங்கள். எந்த இடத்தில் உள்ளுக்குள் சிரித்தீர்கள், எரிச்சல்பட்டீர்கள், நெகிழ்ந்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அது வெளியே வந்ததா? வந்தது என்றால் எவ்வளவு? ஒரு தாளில் குறித்துவையுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: இறுக்கத்தை அவிழ்ப்பது

உடம்பில் மற்றத் தசைகள் பெரும்பாலும் எலும்போடு எலும்பைச் சேர்ப்பவை. முகபாவத் தசைகள் அப்படியல்ல, அவை தோலில் போய்ச் சேர்கின்றன. மெல்லிய அசைவுகூட வெளியே தெரிவது அதனால்தான். இறுக்கமும் அதே மாதிரி வெளியே தெரிந்துவிடும்.

தாடையில் தொடங்குங்கள். காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளைகிற இடத்தில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துக்கொண்டு பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒன்று புடைத்துக்கொண்டு வரும். அதுதான் மெல்லும் தசை. அதற்கு முகபாவத்தோடு சம்பந்தமே இல்லை, ஏழாவது நரம்பு அதை இயக்குவதும் இல்லை, ஐந்தாவது நரம்பின் வேலை அது. ஆனால் அது இறுகினால் கீழ்ப்பாதி முகம் முழுக்கக் கெட்டியாகிவிடும். கவலையோடு வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. உதடுகள் மூடியிருக்கட்டும், உள்ளே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கட்டும், நாக்கு மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் சும்மா படிந்திருக்கட்டும். ஓய்வில் இருக்கும் வாயின் நிலை இதுதான். நாளில் எப்போதெல்லாம் நினைவு வருகிறதோ அப்போதெல்லாம் இந்த நிலைக்கு வாருங்கள்.

நெற்றிக்கு: புருவங்களை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக விடுங்கள். பிறகு புருவத்தை நெரித்து, அதேபோல நிறுத்தி, விடுங்கள். தூக்குவதும் நெரிப்பதும் பயிற்சி அல்ல, விடுவதுதான் பயிற்சி. விட்ட பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒரு மூச்சு நேரம் கவனியுங்கள். கண்களை இறுக மூடித் திறப்பது, கன்னத்தில் காற்றை அடக்கி விடுவது, உதடுகள் படபடக்க ஊதுவது எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இரண்டு மூன்று நிமிடம் போதும். முகத்தசையை வலுவாக்குகிறேன் என்று அரை மணி நேரம் முகத்தைக் கோணலாக்கிக்கொண்டிருப்பதில் இயல்பான பாவனைக்கு ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு தளர்த்தினாலும் புருவம் திரும்பத் திரும்ப நெரிகிறதா? கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூரத்துப் பார்வை மங்கலாக இருப்பவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது முறைப்பு. கண்ணாடி போட்டதும் "இப்போ சிடுசிடுப்பு குறைஞ்சிருக்கு" என்று பேர் வாங்கியவர்கள் உண்டு.

மூன்றாம் படி: உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது

மனசில் இருப்பது முகத்தில் வர வேண்டும் என்றால், மனசில் என்ன இருக்கிறது என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்", "ஒண்ணுமில்லை" இரண்டைத் தவிர வேறு பதில் வராது. தன் உணர்ச்சியை இனம்காணவும் சொல்லில் சொல்லவும் சிரமப்படும் இந்தத் தன்மைக்கு அலெக்சிதைமியா என்று பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் பெயர் வைத்தார். இது பலருக்குப் பல அளவில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, சாப்பிட்டு முடித்ததும், வேலை முடிந்ததும், படுக்கப் போகும் முன் என்று ஏதாவது நேரத்தில், ஒரு நிமிடம் நின்று உடம்பைக் கேளுங்கள். தொண்டை அடைக்கிறதா, வயிற்றில் பிசைகிறதா, நெஞ்சு லேசாக இருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா? அப்புறம் அதற்கு ஒரு பெயர் வையுங்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள் நல்ல தொடக்கப் பட்டியல்: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. ஆனால் நாள்தோறும் வருபவை இவ்வளவு பெரிய உணர்ச்சிகளாக இருக்காது. எரிச்சல், சங்கடம், ஏமாற்றம், நிம்மதி, லேசான பொறாமை, அலுப்பு, ஆர்வம் என்று சின்னச் சின்னவையாகத்தான் இருக்கும். அவற்றையும் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்.

பெயர் வைத்த கையோடு, முகம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், பல் கடித்திருக்கிறது. சரி, பல்லை விடுங்கள். இந்தப் படியில் வேறொன்றும் செய்ய வேண்டாம்.

நான்காம் படி: உள்ளிருந்து வெளியே

தனியாக உட்கார்ந்து செய்கிற பயிற்சி இது. வீடியோ ஓடட்டும், ஆனால் அதைப் பார்க்காதீர்கள். உங்களைச் சிரிக்கவைத்த ஒரு சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "நான் சந்தோஷமாக இருந்த ஒரு நாள்" என்று பொதுவாக நினைத்தால் ஒன்றும் வராது. யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள், எந்தச் சொல்லில் சிரிப்பு வெடித்தது என்று நுணுக்கமாக நினைக்க வேண்டும். நடிகர்கள் பழகும் முறைகளில் ஒன்று இது. முகத்தைத் தொடாமல் விட்டுவிட்டு நினைவை மட்டும் ஓட்டுங்கள். உதட்டோரத்தில் சின்ன அசைவு தொடங்கும். பழைய பழக்கத்தில் அதை அடக்கப் பார்ப்பீர்கள். அடக்காமல், வருகிற அளவுக்கு வர விடுங்கள்.

அதற்கடுத்து, எந்த நினைவும் இல்லாமல் வெறுமனே சிரித்து, அதையும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில்படும். கன்ன எலும்பிலிருந்து வாயோரத்துக்கு வரும் தசை உதட்டின் கோடியை மேலும் பக்கவாட்டிலும் இழுக்கிறது, இது இரண்டு சிரிப்பிலும் உண்டு. உள்ளிருந்து வந்ததில் கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தசையும் சேர்ந்துகொண்டிருக்கும். கன்னம் மேலேறும், கீழ் இமை லேசாகத் தடிக்கும், கண்ணோரத்தில் கோடுகள் விழும். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்து 1862இலேயே இந்த வேறுபாட்டை எழுதினார். அவர் பெயரில்தான் இதைத் துஷேன் சிரிப்பு என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பழகத் தொடங்கிவிடாதீர்கள். கண்ணோரத் தசையை நம் இஷ்டத்துக்கு அசைக்க முடியாது என்று துஷேன் நினைத்தார். ஆனால் நிறையப் பேரால் அசைக்க முடியும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிதாகச் சிரித்தால் கன்னம் எப்படியும் மேலேறும். ஆகவே கண்ணோரக் கோடு உண்மைக்கு உத்தரவாதம் அல்ல, அதைத் தனியாகப் பழகி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

சிரிப்போடு நின்றுவிடாமல் வருத்தம், வியப்பு, எரிச்சல், பெருமை என்று ஒவ்வொன்றையும் இப்படிப் பாருங்கள். ஆழமான காயங்களைக் கிளற வேண்டாம், சின்ன ஏமாற்றம் போதும். உங்கள் முகத்தில் வருவது படத்தில் பார்த்தது மாதிரி இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். கோபம் என்றால் எல்லாரும் புருவத்தை நெரிப்பார்கள் என்பது கார்ட்டூனில் நடப்பது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் மற்றவர்களும் 2019இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோபப்படுகிறவர்கள் அப்படி முறைப்பது சுமார் 30 சதவீதத் தருணங்களில்தான் என்று தெரிந்தது. மற்ற நேரங்களில் முகம் வேறு ஏதோ செய்கிறது. உங்களுக்குக் கோபத்தில் உதடு மெலிந்து கண் நிலைகுத்துமானால், அதுவும் இயல்புதான்.

முகத்தைச் சிரிக்கவைத்தால் மனசும் சிரிக்கும் என்று சொல்வார்களே, அது உண்மையா? 1988இல் பேனாவைப் பல்லில் கடிக்கவைத்து, வாயைச் சிரிப்பது போல ஆக்கி நடத்திய சோதனை ஆம் என்றது. 2016இல் 17 ஆய்வகங்கள் அதையே திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2022இல் பல நாடுகளில் நடந்த பெரிய கூட்டு ஆய்வில், மற்றவர் முகத்தைப் பார்த்தோ தானாகவோ சிரித்தால் மகிழ்ச்சி கொஞ்சம் கூடுகிறது என்று வந்தது. பேனா சோதனையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். சோகத்தில் இருப்பவரைச் சிரிக்கச் சொல்வதற்கு இதை ஆதாரமாக நீட்ட வேண்டாம்.

ஐந்தாம் படி: வரும் வேகம், போகும் வேகம்

செயற்கையான சிரிப்பைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வடிவம் அல்ல, நேரம். தானாக வரும் பாவனை பெரும்பாலும் அரை நொடியிலிருந்து நாலு நொடிக்குள் வந்து போய்விடும், மெல்ல ஏறி மெல்ல இறங்கும். போட்டுக்கொண்ட பாவனை சுவிட்சைத் தட்டியதும் எரிகிற பல்பு மாதிரி சட்டென்று வரும், தேவைக்கு மேல் நிற்கும், சட்டென்று அணையும். விருந்தாளி திரும்பியதும் ஒரே நொடியில் அணைந்துபோகும் சிரிப்பை எல்லாரும் பார்த்திருப்போம்.

நல்ல செய்தி கேட்கிற ஒரு முகத்தை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். "எனக்கு வேலை கிடைச்சிடுச்சு!" என்று தோழி சொல்கிறாள். கேட்பவளின் புருவம் முதலில் உயர்கிறது, கண் விரிகிறது, மூச்சு உள்ளே போகிறது. ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு பார்வை தோழியின் கண்ணுக்குப் போகிறது, கன்னம் ஏறத் தொடங்குகிறது, வாய் திறக்கிறது. "ஹேய்!" என்ற சத்தம் அதற்கப்புறம்தான் வருகிறது. தலை முன்னால் சாய்ந்து, கை நீள்கிறது. தோழி பேச்சை முடித்த பிறகும் சிரிப்பின் மிச்சம் கண்ணில் இருக்கிறது.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முகம் முதலில், சொல் பிறகு. முகம் இறுகிப் பழகியவர்களிடம் இது தலைகீழாக நடக்கிறது. "ரொம்ப சந்தோஷம்" என்று வாய் சொல்லிவிடும், சொன்ன பிறகு ஞாபகம் வந்து சிரிப்பார்கள். மனசார வாழ்த்தியிருப்பார்கள், ஆனால் கேட்டவருக்கு ஒப்புக்குச் சொன்னது போலிருக்கும். இதற்கு வைத்தியம் எளிது. செய்தி கேட்டதும் பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் தாமதியுங்கள். அந்த இடைவெளியில் முகம் தன் வேலையைச் செய்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஆறாம் படி: எதிரில் இருப்பவர்

1979இல் ராபர்ட் க்ராட்டும் ராபர்ட் ஜான்ஸ்டனும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில் ஆட்டக்காரர்களைக் கவனித்தார்கள். எல்லாக் கட்டைகளும் சாய்ந்தபோதுகூடக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அதிகம் சிரிக்கவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பியதும்தான் சிரிப்பு வந்தது. மகிழ்ச்சி முகத்தில் வர இன்னொரு முகம் வேண்டியிருக்கிறது.

அதனால் தனிப் பயிற்சியில் ஓரளவுக்கு மேல் நகர முடியாது. மனிதர்களோடு பேசும்போது, இதுவரை செய்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு எதிரில் இருப்பவரைக் கவனியுங்கள். அவர் முகம் மாறும்போது நம் முகமும் லேசாக அதன்படி மாறும், இது நாம் முயலாமலே நடப்பது. ஆனால் அதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பவருக்கும், அடுத்து நாம் என்ன சொல்வது என்று உள்ளே ஒத்திகை பார்ப்பவருக்கும் இது நடக்காது. நேராகக் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் புருவத்தையோ வாயையோ பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. "என் முகம் இப்போது சரியாக இருக்கிறதா" என்ற கண்காணிப்பும் ஓர் ஒத்திகைதான், அதையும் விடுங்கள். வீடியோ காலில் உங்கள் கட்டத்தை மறைத்துவையுங்கள். அது திரையில் இருக்கும்வரை கண் அங்கேதான் போகும்.

சங்கடமான சில இடங்கள்

துக்க வீட்டில் வருகிற அசட்டுச் சிரிப்பு பெரும்பாலும் பதற்றத்தால் வருவது. வரும் போலிருந்தால் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், உதட்டை அழுத்தாமல் மூடிக்கொள்ளுங்கள். சோகமான முகத்தை வரவழைக்க முயல வேண்டாம். சும்மா இருக்கிற முகமே அங்கே பொருத்தமானது. அவசரமாக எதையாவது பேசி நிரப்பவும் வேண்டாம்.

மறுப்புச் சொல்லும்போது சிரிக்காதீர்கள். "இல்லை, என்னால் முடியாது" என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னால், இன்னும் இரண்டு தடவை கேட்டால் ஒத்துக்கொள்வார் என்று எதிராளி நினைப்பார். முறைக்கவும் தேவையில்லை. தாடை தளர்ந்து, பார்வை நேராக இருந்தால் போதும்.

யாராவது பாராட்டினால் தலையைக் குனிந்துகொண்டு உதட்டை மடித்துக்கொள்வது பலரின் வழக்கம். பாராட்டியவருக்கு அது "உங்கள் பாராட்டு எனக்கு வேண்டாம்" என்று படும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாகக் கேட்டுவிட்டு நன்றி சொல்லுங்கள். வெட்கம் வந்தால் அதுவும் தெரியட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை.

போட்டோ: கேமரா தயாராகும்வரை சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள், நாலு நொடியில் அது விறைத்துவிடும். கீழே பார்த்து மூச்சை விட்டு, எடுக்கிற கணத்தில், கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஆளை வரவேற்பது போல நிமிர்ந்து பாருங்கள்.

காட்டாமல் இருப்பதும் உங்கள் உரிமை

மனசில் இருப்பதெல்லாம் முகத்தில் வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேரம் பேசும்போதும், பொறுமை இழந்த வாடிக்கையாளர் முன்னாலும், பயந்துபோன குழந்தை முன்னாலும் எல்லாரும் அடக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அடக்குவதற்கு ஒரு விலை உண்டு. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதியபோது இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார்: உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் மட்டும் வேறொன்றைப் போடுவது ஒரு வழி, உள்ளேயே அந்த உணர்வை வரவழைக்க முயல்வது இன்னொரு வழி. முதல் வழி ஆளைக் கூடுதலாகக் களைப்பாக்குகிறது என்று அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றில் தெரிந்தது. அடக்குவது எதிரில் இருப்பவரையும் தாக்கும். உணர்ச்சியைக் காட்டாமல் பேசச் சொல்லப்பட்டவரோடு உரையாடியவர்களின் ரத்த அழுத்தம் ஏறியதாக 2003இல் எமிலி பட்லரும் மற்றவர்களும் செய்த ஆய்வு சொல்கிறது.

வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிப்பதே வேலையாக இருந்தால், அவரிடம் உண்மையாகவே ரசிக்கத்தக்க ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், சிரிப்பு அதிலிருந்து வரட்டும். ஒன்றும் கிடைக்காத ஆளும் வருவார். அப்போது மரியாதையான, அமைதியான முகம் போதும். வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் காட்டாமல் முகத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

எவ்வளவு பழகினாலும் அசைவு குறைவாகவே இருக்கிற முகங்கள் உண்டு. அப்படியானால் வாயால் சொல்லிவிடுங்கள். "என் முகத்தைப் பார்த்துத் தப்பா நினைக்காதீங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று ஒரு வரி சொன்னால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மற்றவர் முகத்தைப் பார்த்து அவர் மனசைத் தீர்மானிக்கும் பழக்கத்தையும் இதே கணக்கில் குறைத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு நாள், எந்த வரிசையில்

தளர்த்துவதையும் பெயர் வைப்பதையும் முதல் நாளிலிருந்தே தினமும் செய்யலாம். நான்காம் படியை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம், அளவுக்கு மீறினால் அதுவே நடிப்புப் பழக்கமாகிவிடும். ஒரு மூச்சுத் தாமதத்தை முதலில் வீட்டு ஆட்களிடம் பழகிவிட்டு அப்புறம் வெளியே கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் ஒரே உரையாடலில் முயன்றால் பேச்சே ஓடாது.

ஒரு மாதம் கழித்து, முதலில் பேசிய அதே ஆளோடு இன்னொரு முறை வீடியோவை வைத்துக்கொண்டு பேசுங்கள். பழைய குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள். நெற்றி மடிப்பு குறைந்து, தாடை தளர்ந்திருந்தால் பயிற்சி சரியான பாதையில் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றமே இல்லை என்றால் ஐந்தாம் படிக்குப் போகாமல் தளர்த்துவதிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள். எப்படியானாலும் இந்த இரண்டாவது பதிவோடு வீடியோ எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.